ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும்

எங்கள் 3 வயது லாப்ரடாருக்கு நகமெல்லாம் கறுப்பு. போன தடவை வெட்டியபோது ஒரு நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து நகவெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறான். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தும் முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

முதலில் அந்த அமுக்கிப் பிடிப்பதை விடுங்கள். வெட்டு ஒரு தடவைதான் வலித்தது. பிடி ஒவ்வொரு தடவையும் பயமுறுத்துகிறது.

இரண்டு வாரம் வெட்டவே வேண்டாம். தோளில் கை வைத்து, நாளாக ஆக முழங்கால், பாதம், விரல் என்று இறங்குங்கள். தொட்டவுடன் சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழி, உப்பில்லாமல். தொடுவது முன்னால், தீனி பின்னால். மாற்றிச் செய்தால் கோழித் துண்டைக் கண்டாலே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவான். இடையிடையே, அவன் தள்ளிப் படுத்திருக்கும்போது ஈர்க்குச்சியை நகவெட்டியால் நறுக்கி, 'டிக்' கேட்டதும் ஒரு துண்டு போடுங்கள். உதட்டை நக்கினாலோ, தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டாலோ, விழியின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். விறைத்து அசையாமல் நிற்பதும் பயம்தான். "சமத்தாக நிற்கிறான்" என்று நம்பி வெட்டப்போனால் கடி வாங்க நேரும்.

வெட்டும் நாளில் குளிப்பாட்டியபின் உட்காருங்கள். ஊறிய நகம் இளகியிருக்கும். நகவெட்டி கூராக இருக்கட்டும். மழுங்கியது நறுக்காமல் நசுக்கும், சதையில் படாமலே வலிக்கும். காலைப் பக்கவாட்டில் இழுக்காமல், பாதத்தைப் பின்பக்கமாக மடக்கி உள்ளங்கால் மேலே தெரியும்படி பிடியுங்கள். நுனியில் 1 மில்லிமீட்டர் மட்டும் சீவி, வெட்டுவாயைப் பாருங்கள். வெளிறி, காய்ந்த சுண்ணாம்புபோல் இருந்தால் இன்னொரு சீவல் எடுக்கலாம். நடுவில் ஈரப்பசையோடு கரும்புள்ளி தெரிந்தால் போதும். அதை அடுத்து இருப்பது ரத்தக்குழாயும் நரம்பும்.

அன்றைக்கு அந்த ஒரு நகம்தான். பாதத்துக்கு 4, முன்னங்கால்களின் உட்பக்கம் உயரத்தில் ஒவ்வொன்று, ஆக 18. உயரத்தில் இருக்கும் அந்த இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தரையில் தேயாததால் அவைதான் வளைந்து சதைக்குள் குத்தும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சீவினால், ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள அந்த உள்சதையும் மெல்லப் பின்வாங்கும். நின்றால் நகம் தரையைத் தொடாத அளவே இலக்கு.

ரத்தம் வந்தால் பதறாதீர்கள். ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர், இல்லையென்றால் கார்ன்ஃப்ளார் வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் 5 நிமிடம் அழுத்துங்கள். காபித்தூள் மட்டும் வேண்டாம்; நக்கிவிடுவான், காஃபீன் நாய்க்கு விஷம். 20 நிமிடமாகியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

நகவெட்டியே ஆகாது என்றால், பலகையில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்து வைத்து, பிறாண்டப் பழக்குங்கள். முன்னங்கால் நகங்களை அவனே தேய்த்துக்கொள்வான். அதற்கும் நடுங்கினால், பயம் தணிக்கும் மாத்திரை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.