குரல்கள் அடங்கிய பிறகு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மனச்சிதைவு நோய் பற்றியவை. யாரும் பேசாமலே காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன, அடுத்து என்ன என்பதுதான் பல வீடுகளிலும் கவலை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

என் மகனுக்கு 27 வயது. காதில் கேட்ட குரல்கள் நின்று ஒரு வருடம் ஆகிறது. அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போகிறான். பாதி வரிசையில் நின்றுவிடுகிறான். பால் எடுத்துவிட்டு, அதை உறைய வைக்கும் ஆசிட்டைச் சேர்க்க மறந்துவிடுகிறான். முன்பு நன்றாகப் படித்தவன். இது மடிதானே, வெறும் சோம்பல்தானே? (குலசேகரம் வாசகி)

மடி இல்லை அம்மா. குரல் கேட்பதும் சந்தேகமும் இந்த நோயின் ஒரு பக்கம். கவனம், நினைவு, திட்டமிடுதல், யோசனையின் வேகம் எல்லாம் குறைவது இன்னொரு பக்கம். பலருக்கு முதல் குரல் கேட்பதற்குச் சில வருடங்கள் முன்பே இது தொடங்கிவிடும். பள்ளியில் மார்க் சரிந்ததைப் பெற்றோர் பின்னால்தான் நினைத்துப் பார்ப்பார்கள். நாங்கள் தரும் மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைக் குறைத்துக் குரல்களை அடக்குகின்றன. மறதிக்கும் மந்தத்துக்கும் அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதனால் 'டோஸ் கூட்டிக் கொடுங்கள், சுறுசுறுப்பாகிவிடுவான்' என்று கேட்பவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை.

பால் வெட்டும் வேலையை யோசித்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து மரம் மரமாகப் பட்டை சீவ வேண்டும். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுக்க வேண்டும், அரிக்க வேண்டும், தண்ணீரும் ஆசிட்டும் அளவாகச் சேர்க்க வேண்டும். பழகியவருக்கு இது ஒரே வேலை. உங்கள் மகனுக்கு ஐந்து வேலை. ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது மறந்துபோகிறது. ஆகவே ஒரு பகுதியை மட்டும் முழுதாக அவன் பொறுப்பில் விடுங்கள். பால் எடுத்து அரிப்பது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கைவந்த பிறகு அடுத்தது. வேலை வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாயால் சொல்லும்போது ஒரு நேரத்தில் ஒரு விஷயம் போதும். ஆசிட் பக்கம் மட்டும் கூட ஓர் ஆள் இருக்கட்டும்.

அப்புறம், காலையில் அவனுக்குத் தூக்கம் சொக்குகிறதா என்று கவனியுங்கள். இரவு பத்து மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் சொக்கத்தான் செய்யும். ஏழு மணிக்கே கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஞாபக மறதி மாத்திரையால்தான் வருகிறதா? நிறுத்திவிடலாமா? (தக்கலை வாசகர்)

நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். திரும்பும் ஒவ்வொரு முறையும் வேலையும் நட்பும் மறுபடி அறுந்துபோகும். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. கை நடுக்கம், உடல் இறுக்கம் வராமலிருக்கக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை நினைவைக் கெடுக்கக்கூடியது. யாரும் கேட்காததால் அது வருடக்கணக்கில் சீட்டில் தொடர்வதுண்டு. இன்னும் தேவையா என்று கேளுங்கள். குறைப்பதாக இருந்தால் மருத்துவரே மெல்ல மெல்லக் குறைக்கட்டும். தூக்க மாத்திரைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கல்யாண வீட்டில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்கிறான் தம்பி. கேலி பேசினால் புரிவதில்லை. இனி எங்கும் கூட்டிப் போகாமல் இருந்துவிடலாமா? (நாகர்கோவில் வாசகி)

கூட்டிப் போங்கள். முகக்குறிப்பைப் படிப்பது, அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பது இரண்டும் இந்த நோயில் பலருக்குக் குறைகின்றன. மறதியைக்கூட உறவுக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இது உறவையே முறித்துவிடும். நம்மூர்ப் பேச்சில் பாதி கேலிதான், அவனும் என்ன செய்வான்? அவனிடம் நேராகப் பேசும்படி நெருங்கியவர்களிடம் சொல்லிவையுங்கள். முகூர்த்தக் கூட்டத்தைவிட முந்தின நாள் காய்கறி நறுக்கும் இடம் அவனுக்குச் சுலபம். கையில் வேலை இருக்கும், பேச்சு கொஞ்சம் போதும். வீடு திரும்பியதும், 'அவர் சிரித்ததற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?' என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசியுங்கள். சமூகத் திறன் பயிற்சியில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

ஞாபகசக்தி டானிக் கொடுக்கலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுங்கள். மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பது கவனத்துக்கும் நினைவுக்கும் ஓரளவு உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அண்ணன் பூக்கட்டுகிறார். ஆனால் தனியாகக் கடையில் உட்கார்ந்தால் சில்லறைக் கணக்கு தப்பிவிடுகிறது. மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? (தோவாளை வாசகி)

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் வைத்து அளவிடுவார்கள். அங்கே போய் மானத்துக்குப் பயந்து 'எல்லாம் நன்றாகத்தான் செய்கிறார்' என்று சொல்லிவிடாதீர்கள். பூக்கட்டுவார், ஆனால் மீதிச் சில்லறை கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.