இறாலுக்குப் பிறபொருளெதிரி கிடையாது என்றால், கிருமி உள்ளே போனால் என்ன செய்யும்?

கேள்வியில் உள்ளது சரிதான், கிருமியைக் குறிவைத்துப் பிடிக்க எங்கள் உடல் உருவாக்கும் புரதமான பிறபொருளெதிரி இறாலுக்கு இல்லை. ஆனால் அதன் குருதியில் இருக்கும் புரதங்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் வளர்ந்து விலங்கியல் படித்த எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

உயிருள்ள இறாலில் ஊசியால் கொஞ்சம் குருதி எடுத்தால் நிறமில்லாமலோ இலேசான நீலமாகவோ இருக்கும். எங்கள் ஈமோகுளோபினில் இரும்பு இருப்பதுபோல அதன் ஈமோசயனின் என்ற புரதத்தில் செம்பு இருக்கிறது. ஒட்சிசன் சேரும்போதுதான் நீலம் வரும். குருதித் திரவத்தில் உள்ள புரதத்தில் பாதிக்கும் மேல் இந்த ஒன்றுதான்.

ஒட்சிசன் காவுவது அதன் அன்றாட வேலை. கிருமித் தொற்று வந்தால் அதே புரதத்தின் வால்பக்கத் துண்டு வெட்டுப்பட்டுப் பிரிந்து பங்கசை எதிர்க்கிறது. பசிபிக் வெள்ளை இறாலில் இதை 2001இல் காட்டினார்கள். தேவைப்பட்டால் ஈமோசயனினே பீனோலொட்சிடேசு நொதியம் போலவும் நடந்துகொள்ளும்.

இறாலில் கறுப்பு நிறம் வருவதற்கு அந்த நொதியம்தான் காரணம். பங்கசின் சுவரில் உள்ள குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் குருதியிலுள்ள ஒரு புரதம் பிடித்துக்கொள்ளும். உடனே குருதிக் கலங்கள் தமக்குள் இருக்கும் சிறுமணிகளை உடைத்து நொதியங்களை வெளிவிடும், ஒன்று மற்றொன்றைத் தூண்டும், கடைசியில் கிருமியைச் சுற்றி மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருள் படியும். ஓட்டில் காயம்பட்ட இடம் கறுத்திருப்பதும் இதனால்தான்.

சந்தையில் தலை கறுத்த இறாலைக் கண்டதும் “பழுது” என்று தள்ளிவிடுவார்கள். அதுவும் இதே தாக்கம்தான். இறால் செத்த பிறகு தலைக்குள் இருக்கும் சமிபாட்டுச் சுரப்பியின் நொதியங்கள் கசிந்து இந்தத் தொடரைக் கிளப்பிவிடுகின்றன. ஐஸ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. தலையைக் கிள்ளிக் கழுவி வைத்தால் கறுப்பது குறையும். கறுப்பை மட்டும் பார்த்து ஒதுக்காதீர்கள், முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்று, உறைதல். இறாலின் குருதி நாளங்களுக்குள் மட்டும் ஓடுவதில்லை, உறுப்புகளைச் சுற்றியே நிற்கும். சின்னக் காயம் என்றாலும் ஒழுகிவிடும், கிருமியும் உள்ளே போய்விடும். அதனால் உறைபுரதம் கல்சியத்தின் துணையோடு சட்டென்று பின்னி ஓட்டையை அடைக்கும். ஆய்வுகூடத்தில் குருதி எடுக்கும்போது ஊசியில் சித்திரேற்று போன்ற எதிருறைபொருள் வைத்திருக்காவிட்டால் ஊசிக்குள்ளேயே கட்டியாகிவிடும். இவை தவிர 1997இல் கண்டுபிடித்த பெனெய்டின் போன்ற சிறு புரதங்களும் பக்டீரியாவைக் கொல்லும்.

இவ்வளவு இருந்தும் வெண்புள்ளி வைரசுக்கு இறால் தாக்குப்பிடிப்பதில்லை. 1996இல் புத்தளம் பக்கத்துப் பண்ணைகளை அது அழித்தது. கோழிக்குப் போடுவதுபோல ஒரு தடுப்பூசி போட்டுப் பிறபொருளெதிரியை உருவாக்க இங்கே வழியில்லை. அதனால் வளர்க்கப்போகிறவர்கள் குஞ்சு வாங்கும்போதே வைரசின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை செய்து, வைரசு இல்லாததைத்தான் குளத்தில் விட வேண்டும்.