விண்மீன் காற்று எங்கே போய் முட்டுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூரியக் காற்றில் தொடங்கி கேலக்ஸிக் காற்று வரை கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

விண்வெளியில் காற்றே கிடையாதே, அப்புறம் என்ன 'விண்மீன் காற்று'?

பெயர்தான் குழப்புகிறது. விண்மீனின் வெளி அடுக்கிலிருந்து வாயு இடைவிடாமல் பீறிட்டு ஓடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். சூரியன் இந்த வகையில் நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இழக்கிறது. பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் பூமியருகே வந்து சேரும்போது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்கள்தான் மிஞ்சும். வெயில் தரும் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை.

1958-ல் யூஜீன் பார்க்கர் இப்படியொரு காற்று வீசியாக வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதியபோது மதிப்பாய்வாளர்கள் கட்டுரையை நிராகரிக்கச் சொன்னார்கள். இதழாசிரியராக இருந்த சந்திரசேகருக்கும் பார்க்கரின் முடிவில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கணக்கில் பிழை எதுவும் அகப்படாததால் வெளியிட்டார். 1962-ல் மரினர் 2 விண்கலம் காற்றை நேரடியாகவே அளந்துவிட்டது.

வாயேஜர் விண்கலம் சூரியக் காற்றைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். அங்கே என்ன இருந்தது?

ஒன்றல்ல, இரண்டு எல்லைகள் இருந்தன. சூரியக் காற்று ஒலியை விட வேகமாக ஓடுகிறது. முன்னால் தடை இருக்கிறது என்ற 'செய்தி' ஒலி வேகத்தில்தான் எதிர்த்து வர முடியும். அதனால் காற்றுக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது. நெரிசல் இருப்பது தெரியாமல் விரைந்து வரும் வண்டிகள் மாதிரி, ஓரிடத்தில் சட்டென்று வேகம் குறைந்து, நெருங்கி, சூடாகிறது. அதுதான் அதிர்ச்சி எல்லை. வாயேஜர் 1 அதை 2004 டிசம்பரில், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 94 மடங்கு தொலைவில் கடந்தது.

சூரிய வாயுவும் வெளி வாயுவும் நேருக்கு நேர் முட்டும் இரண்டாவது எல்லை இன்னும் தள்ளி, ஏறக்குறைய 122 மடங்கு தொலைவில் இருந்தது. அதைத் தாண்டியது 2012 ஆகஸ்டில். வெளியே போனால் வெறுமை கூடும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. மின்னூட்டத் துகள்களின் அடர்த்தி உள்ளே இருந்ததைவிடச் சுமார் 40 மடங்கு அதிகமாக இருந்தது. ஆக, நாம் குடியிருப்பது, காற்று தன் ஊரைச் சுற்றி ஊதிவைத்த ஒரு மெல்லிய குமிழிக்குள்.

பெரிய விண்மீன்கள் ஊதும் குமிழி எப்படி உருவாகிறது? உள்ளே வெற்றிடமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும்.

சூரியனைப் போலப் பல மடங்கு நிறை கொண்ட நீல விண்மீன்களில் காற்றைத் தள்ளுவது வெப்பம் அல்ல, ஒளி. புற ஊதா ஒளியைக் கார்பன், நைட்ரஜன், இரும்பு போன்ற அணுக்கள் விழுங்கி, அந்த உந்தலில் மற்ற வாயுவையும் இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. வேகம் நொடிக்கு 2,000 கி.மீ. அளவில் இருக்கும். அவ்வளவு வேகத்தில் வந்து தடைபட்டால் வெப்பநிலை கோடிக்கணக்கான டிகிரிக்குப் போய்விடும். எனவே குமிழிக்குள் இருப்பது வெற்றிடம் இல்லை. மிக மெல்லிய, மிகச் சூடான வாயு. அது விரிந்து சுற்றியுள்ள குளிர் வாயுவைப் பெருக்கித் தள்ளி, முட்டை ஓடு போல ஓர் ஓடு கட்டுகிறது. ஓடு அடர்த்தியானது, அடர்ந்த வாயு சீக்கிரம் ஒளிவீசி ஆறிவிடும். நெபுலா (விண்வெளி வாயு முகில்) படங்களில் நாம் பார்த்து வியப்பதெல்லாம் இந்த ஓடுதான். கேசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் உள்ள குமிழி நெபுலா நல்ல உதாரணம். அதில் விண்மீன் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். ஒரு பக்கம் வாயு அடர்த்தி அதிகம், அங்கே குமிழி நகர முடியவில்லை.

சிக்கல் இதற்கப்புறம்தான். உள்ளே இருக்கும் சூடான வாயு எக்ஸ் கதிர் வீச வேண்டும். பழைய கணக்குகள் சொன்ன அளவை விட, பார்த்த குமிழிகளில் அது குறைவாகவே வருகிறது. ஓரியன் நெபுலாவில் 2008-ல் கண்ட சூட்டு வாயுவும் இருபது லட்சம் டிகிரி அளவில்தான் இருந்தது. மீதி ஆற்றல் எங்கே? ஒரு பகுதி ஓட்டில் உள்ள பொத்தல்கள் வழியாகக் கசிந்துவிடுகிறது. இன்னொரு பகுதி, சூடும் குளிரும் உரசிக் கலக்கும் எல்லையில் ஒளியாகித் தொலைகிறது. என்னைக் கேட்டால், காற்று எவ்வளவு பலம் என்பதை விட அந்த மெல்லிய எல்லையில் என்ன நடக்கிறது என்பதே பெரிய கேள்வி.

இந்தக் காற்று புது விண்மீன்கள் பிறக்க உதவுமா, கெடுக்குமா?

இரண்டும். அமுக்கப்பட்ட ஓட்டில் சில இடங்கள் சுருங்கி விண்மீனாகலாம். ஆனால் மொத்தக் கணக்கில் கெடுப்பதே அதிகம் என்பது என் கட்சி. ஓரியன் நெபுலாவில், ஒரே ஒரு பெரிய விண்மீனின் காற்று, தன்னைச் சுற்றியுள்ள வாயு ஓடு ஒன்றை நொடிக்கு 13 கி.மீ. வேகத்தில் தள்ளிக்கொண்டிருப்பதை 2019-ல் சோபியா விமானத் தொலைநோக்கியின் அளவீடுகள் காட்டின. விண்மீனாக வேண்டிய வாயு அந்த இடத்தை விட்டே கிளம்பிக்கொண்டிருக்கிறது.

விண்மீனுக்கு வால் உண்டா?

உண்டு. மீரா என்ற முதிய சிவப்பு விண்மீன் சுற்றியுள்ள வாயுவை நொடிக்கு 130 கி.மீ. வேகத்தில் கிழித்துக்கொண்டு போகிறது. அது உதிர்க்கும் வாயு பின்னால் 13 ஒளியாண்டு நீள வாலாக நிற்கிறது. 400 ஆண்டுகளாகப் பார்த்து வந்த விண்மீன். வால் தெரிந்ததோ 2007-ல், புற ஊதாவில் பார்த்தபோது.

ஒரு கேலக்ஸி முழுவதும் காற்று வீசுவது எப்படி?

ஒரு சிறிய இடத்தில் ஏராளமான பெரிய விண்மீன்கள் சேர்ந்து பிறந்து, அவற்றின் காற்றும் அவை சாகும்போது அடுத்தடுத்து நிகழும் சூப்பர்நோவா வெடிப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தால் போதும். வாயு லேசான பக்கமாக, அதாவது கேலக்ஸியின் தட்டையான வட்டுக்கு (தட்டுக்கு) மேலும் கீழும், பிய்த்துக்கொண்டு வெளியேறும். 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்82 கேலக்ஸியைப் படத்தில் பாருங்கள்: தட்டுக்குக் குறுக்கே சிவப்பு இழைகள் சீறும். சில வாயு தப்பிவிடும், சில ஊற்று நீர் போல மேலே போய்த் திரும்பி விழும். சிறிய கேலக்ஸிகளுக்கு ஈர்ப்பு குறைவு என்பதால் இழப்பு அதிகம். அவற்றில் கன தனிமங்கள் (ஹைட்ரஜன், ஹீலியத்தை விடக் கனமானவை) குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கேயும் பழைய புதிர்தான். சூட்டுக் காற்றுக்குள் குளிர்ந்த வாயு மேகங்கள் பறக்கின்றன. எளிய கணக்குப்படி அவை வேகம் பிடிப்பதற்குள் சிதறிப்போயிருக்க வேண்டும். மேகம் போதுமான அளவு பெரிதாக இருந்தால், அதன் ஓரத்தில் கலக்கும் வாயு விரைவாக ஆறி மேகத்தோடே சேர்ந்துகொள்கிறது என்று சமீபத்திய கணினி மாதிரிகள் சொல்கின்றன. சிதற வேண்டிய மேகம் வளரவே செய்கிறது!

வெளியிலிருந்து நம் குமிழிக்குள் எதுவும் நுழையாதா?

மின்னூட்டம் உள்ளவை பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படும். மின்னூட்டம் இல்லாத ஹீலியம் அணுக்களைக் காந்தப்புலம் தடுக்காது. அவை நொடிக்கு 25 கி.மீ. அளவில் நேராக உள்ளே வரும். சூரிய ஈர்ப்பு அவற்றை வளைத்து, சூரியனுக்குப் பின்புறம் ஒரு கூம்பாகக் குவிக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்தில் பூமி அந்தக் கூம்பின் வழியாகத்தான் போகிறது.