நாவல் டெலிகிராமில் ஓடுகிறதா? ஏஜெண்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் நாவலை கிண்டிலில் விற்கிறேன். அதன் பிடிஎப் ஒரு டெலிகிராம் சேனலிலும், எந்த நாட்டுக்காரன் நடத்துகிறான் என்றே தெரியாத ஒரு இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. 'சர்வதேச காப்பிரைட் சான்றிதழ்' இருந்தால்தான் நீக்க முடியும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு ஏஜெண்ட். கொடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு சான்றிதழே உலகத்தில் கிடையாது. நீங்கள் எழுதியபோதே பதிப்புரிமை உங்களுடையதாகிவிட்டது. ஒரு நாட்டு எழுத்தாளரின் உரிமையை மற்ற நாடுகளும் மதிக்க வேண்டும் என்கிற பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால் அதில் சேர்ந்த மற்ற நாடுகளிலும் அது செல்லும். இங்கே பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்துகொண்டால் நல்லது. அதற்கும் அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

பணத்தைவிட எனக்கு இன்னும் பயம், அவர் நீட்டுகிற தாள். உங்கள் சார்பில் புகார் அனுப்ப ஒரு அதிகாரக் கடிதம் போதும். ஆனால் 'உரிமையை மாற்றிக் கொடுக்கிறேன்' என்ற வரியை நடுவில் நுழைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். சட்டப்படி, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் அது ஐந்து வருடத்துக்கு என்று கொள்ளப்படும். திருட்டைத் தடுக்கப் போய் நாவலையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நீக்குவது எப்படி? உங்கள் உரிமை எல்லை தாண்டும், நம் கோர்ட் உத்தரவு அப்படித் தாண்டாது, அதை வெளிநாட்டில் செயல்படுத்த அங்கே மறுபடி வழக்காட வேண்டும், அந்தச் செலவு ஒரு நாவலாசிரியருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஏற்றியவனைத் துரத்தாமல், கோப்பை வைத்திருக்கும் கம்பெனியைப் பிடியுங்கள். புகாருக்கு முன் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டெலிகிராமில் சேனல் பெயர் மட்டும் போதாது, பிடிஎப் உள்ள ஒவ்வொரு பதிவின் இணைப்பையும் தனித்தனியாக நகலெடுத்துக் கொடுங்கள்.

'சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, சேனல் நடத்துபவர் விவரத்தைத் தர முடியாது' என்று டெலிகிராம் 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடியது. வழக்குப் போட்டவர் ஒரு கோச்சிங் ஆசிரியை, அவருடைய பாடங்கள்தான் சேனல்களில் சுற்றின. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை, விவரங்கள் வந்தன. ஆனால் அதற்கு ஒரு உயர் நீதிமன்ற வழக்கு தேவைப்பட்டது, அதுதான் எரிச்சல்.

இணையதளம் கிளவுட்பிளேருக்குப் பின்னால் (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று, சர்வர் எங்கே இருக்கிறது என்பதை மறைக்கும் சேவை) ஒளிந்திருந்தால் அங்கே புகார் கொடுங்கள், கோப்புக்கு உண்மையில் சர்வரில் இடம் கொடுத்திருக்கும் கம்பெனி யார் என்று தெரியவரும். அது அமெரிக்கக் கம்பெனி என்றால் டிஎம்சிஏ என்கிற 1998-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, கோப்பை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். கூகுள் தேடலிலிருந்தும் நீக்கக் கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, கவனமாகப் படியுங்கள். ஏற்றியவன் 'இது என்னுடையது' என்று எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களில் கோப்பு மறுபடி ஏறிவிடும். பயப்பட வேண்டாம். அந்த நோட்டீஸில் அவன் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கொடுத்து, அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்றும் எழுத வேண்டும். திருடன் அவ்வளவு தூரம் வரமாட்டான். வந்தால் அவன் முகவரி உங்கள் கையில், வாய்தா கேட்காமல் அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள். நம் சட்டத்திலும் இதே மாதிரி ஒரு கெடு இருக்கிறது: பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதியின் கீழ் புகார் கொடுத்து நீக்க வைத்தால், 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுபோகாவிட்டால் கம்பெனி திரும்பத் திறந்துவிடலாம்.

கடைசியாகப் போலீஸ். 'சர்வர் வெளிநாட்டில், சைபர் கிரைமுக்குப் போங்க' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புவார்கள், அங்கே போனால் மறுபடி ஸ்டேஷனைக் கைகாட்டுவார்கள். பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது, அந்தத் தீர்ப்பின் நகலோடு போங்கள். சர்வர் எங்கே இருந்தாலும், தமிழ் நாவலை ஸ்கேன் செய்து ஏற்றுபவன் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவன்தான். அவன் நம் ஊரில் இருந்தால் எல்லைப் பிரச்சினையே வராது.