கொடைக்கானல் நடையும் அருவியும்: கேட்டவர்களுக்குப் பதில்

கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் எங்கள் பெரியப்பா வீடு ஒன்று இருக்கிறது. பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான். இன்றும் வருடத்துக்கு நாலு தடவையாவது போய்விடுவேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, டிசம்பர் கடைசியில் வட்டக்கானலில் நாலு நாள் வீடு எடுத்திருக்கிறோம். காரைத் தொடாமல் நடந்தே என்ன பார்க்கலாம்?

நல்ல மாதம்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீர் மிச்சமிருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே பாம்பாறு அருவி. லிரில் ஃபால்ஸ் என்று கேட்டால்தான் சிலருக்குப் புரியும். அங்கிருந்து டால்பின் மூக்கு என்ற பாறைக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் இறக்கம். பாதை முழுக்க மரத்தின் வேர்தான் படிக்கட்டு. காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். பத்து, பதினொன்றுக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் பாறை விளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். விளிம்பில் செல்ஃபி வேண்டாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 63 வயது, முட்டி வலி. டால்பின் மூக்குக்கு அழைத்துப் போகலாமா?

வேண்டாம் தம்பி. இறங்குவது சுலபமாகத் தெரியும், திரும்பி ஏறும்போதுதான் முட்டி கணக்குக் கேட்கும். கோக்கர்ஸ் வாக்குக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கிலோமீட்டர், நல்ல தளம் போட்ட பாதை. வானம் தெளிவாக இருந்தால் கீழே பாம்பாற்றுப் பள்ளத்தாக்கும் பெரியகுளமும் தெரியும். அம்மாவுக்கு அதுவே போதும், சுடச்சுட மக்காச்சோளமும் கிடைக்கும்.

மலையடிவாரத்துக் கும்பக்கரை அருவியில் குளிக்கத்தான் வருகிறோம். கொடைக்கானலில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியும். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாக இறங்கினால் கும்பக்கரை. ரோடு குறுகல், வளைவு அதிகம், மழை நாளில் மண் சரியும். போகுமுன் உள்ளூரில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கும்பக்கரையில் விழுவது மேலே வட்டக்கானலில் நீங்கள் பார்த்த அதே பாம்பாற்றுத் தண்ணீர். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும், மேலே கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு நவம்பரில் நான் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு காய்ந்த இலை வந்தது. அப்புறம் சுள்ளிகள், கூடவே நுரை. தண்ணீர் பால் கலக்காத டீ நிறத்துக்கு மாறியது. காவலர் விசில் ஊதி எல்லோரையும் ஏற்றிவிட்டார். சட்டையை மாட்டித் திரும்பிப் பார்த்தால் நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். அன்று கும்பக்கரையில் ஒரு தூறல்கூட இல்லை.

அதனால் இலை குப்பை வந்தாலே எழுந்துவிடுங்கள். வனத்துறை குளிக்கத் தடை என்று சங்கிலி போட்டிருந்தால், 'வெயிலாத்தானே இருக்கு சார்' என்று வாதாடாதீர்கள்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமம் வழியாக நடந்தே கும்பக்கரைக்கு இறங்கலாமாமே? கைடு இல்லாமல் போகலாமா?

போகக் கூடாது. அழகான பாதை, மறுக்கவில்லை. மோட்டார் ரோடு வருமுன் மலை ஏறியவர்களுக்கெல்லாம் இந்த மாதிரி பாதைதான் கதி. ஆனால் முழு நாள் இறக்கம், கிளைப் பாதைகள் ஏராளம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகு அனுமதி விஷயத்தில் கண்டிப்பு அதிகம். 2024 அக்டோபரில் அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. எது திறந்திருக்கிறது என்று அதில் பார்த்து, வழிகாட்டியோடு போங்கள். கோடையில் தீ பயத்தால் மூடிவிடுவார்கள்.

வெள்ளகவிக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். ஊரே கோயில் மாதிரி, அங்கே யாரும் காலில் எதுவும் போடுவதில்லை. கழற்றி, லேஸைக் கட்டித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டைப்பூச்சிக்கு என்ன செய்வது?

சோலைக்குள் ஈரம் இருந்தால் அட்டை இருக்கும். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். ஒரு துணியில் உப்பு முடிந்து கையில் வையுங்கள், தொட்டால் விழுந்துவிடும். பிடித்து இழுக்காதீர்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை.

வெள்ளி அருவியில் குளிக்கலாமா? பேருந்து அங்கே நிற்கிறதே.

பாருங்கள், படம் எடுங்கள், கிளம்புங்கள். 180 அடி உயரம், பார்க்க ஜோர்தான். ஆனால் அது ஊர் நடுவில் இருக்கும் ஏரியின் உபரி நீர். நான் முகம்கூடக் கழுவ மாட்டேன். கையில் பொட்டலம் இருந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

பஸ்ஸில் வரும்போது தூரத்தில் ஒல்லியாக ஒரு அருவி தெரிந்தது. அதற்கு எப்படிப் போவது?

தலையாறு அருவி. எலிவால் என்றும் பெயர். 297 மீட்டர், தமிழ்நாட்டின் உயரமான அருவிகளில் ஒன்று. வத்தலக்குண்டு ரோட்டில் டம்டம் பாறையில் இறங்கிப் பார்ப்பதோடு சரி. பிள்ளைகளோடு கிட்டே போகும் இடமில்லை.

கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் இன்னும் வேண்டுமா?

நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்தது. வெளியூர் வண்டி என்றால் கிளம்புமுன் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் காட்டுமாடு நிற்கிறது. விரட்டலாமா அண்ணே?

ஐயையோ! அது ஊருக்குள் வந்துபோவது வழக்கம். டார்ச் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு டீயைப் போடுங்கள். புல் தீர்ந்ததும் அதுவே போய்விடும். காலையில் வாசலில் சாணிதான் மிச்சமிருக்கும்.