குலை தள்ளியதும் வெட்டிவிடலாமா? (பேஸ்பால் கேள்வி–பதில்)

கே: அமெரிக்காவில் இருக்கும் மகனால் எனக்கும் மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) பைத்தியம் பிடித்துவிட்டது. நாங்கள் ஆதரிக்கும் அணியின் இளம் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் குந்தி, வீசும் பந்தைப் பிடிப்பவர்) டபுள்-ஏ-யில் (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள லீக்) வெளுத்து வாங்குகிறார். மேலே கூப்பிடாமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள்?
– மார்த்தாண்டம் வாசகர்

ப: நீங்கள் பார்ப்பது பேட்டை. அணி பார்ப்பது கிளவுஸை. மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டரை மேலே ஏற்றுவதற்குப் பேட் ஒன்றே போதும். கேட்சருக்கு அது போதாது. ஒரு ஆட்டத்தில் தன் அணி வீசும் 140, 150 பந்துகளில் பெரும்பாலானவை அவர் கிளவுஸில்தான் வந்து விழும். 26 பேர் அணியில் 13 பேர் வரை பந்து வீசும் பிட்சர்கள். ஒவ்வொருவருக்கும் எந்தப் பந்து அன்றைக்குச் சரியாக விழுகிறது, எதிரே நிற்பவருக்கு எது ஆகாது என்பதையெல்லாம் மனதில் வைத்து, பிட்ச் கடிகாரத்தின் (அடுத்த பந்தை வீசுவதற்கான நேரக் கெடு) 15 அல்லது 18 நொடிக்குள் அடுத்த பந்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு படி மேலுள்ள டிரிபிள்-ஏ-யில் மேஜர் லீக் பார்த்துத் திரும்பிய மூத்த பிட்சர்கள் நிறைய. இந்தப் பாடம் அங்கேதான் கிடைக்கும். அவர்கள் இவர் சொல்லும் பந்துக்குத் தலையாட்டி மறுப்பது குறைந்தால் நல்ல அறிகுறி.

இன்னொன்று, மேலே இடம் காலியாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் ஆடவைத்து மீதி நாள் பெஞ்சில் உட்காரவைப்பதற்கு, கீழேயே தினமும் ஆடுவது மேல். கேட்சர் பஸ்டர் போசியை சான் பிரான்சிஸ்கோ 2010 மே கடைசியில் அழைத்தபோது பெஞ்சி மொலினாதான் அணியின் முதன்மை கேட்சர். போசி பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றார். மொலினாவை டெக்சஸுக்கு மாற்றிய பிறகே அந்த இடம் முழுதாக இவருக்கு வந்தது. அந்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது, உலகத் தொடர் கோப்பை இரண்டும் கிடைத்தன.

அவசரப்பட்டதற்கும் உதாரணம் உண்டு. சான் டியாகோ அணியின் கேட்சர் ஈதன் சாலஸை 2023இல், 17 வயதிலேயே டபுள்-ஏ வரை தூக்கினார்கள். மறு ஆண்டு ஒரு படி கீழான ஹை-ஏ-க்கு இறங்கி ஆட வேண்டியதாயிற்று.

கே: சம்பளத்தை மிச்சம்பிடிக்க வேண்டுமென்றே கீழே வைப்பார்கள் என்கிறார்களே?
– நாகர்கோவில் வாசகர்

ப: அதுவும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது? மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு ஆண்டு சேவைக் கணக்கு. ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் தன் விருப்பப்படி அணி மாறலாம். தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கீழே நிறுத்தினால் அணிக்கு ஒரு ஆண்டு லாபம். அணிகளும் வீரர் சங்கமும் செய்த 2022 ஒப்பந்தம் இதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது: சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, தாமதமாக வந்திருந்தாலும், முழு ஆண்டுக் கணக்கு. பால்டிமோர் கேட்சர் ஆட்லி ரட்ச்மன் அந்த ஆண்டு மே 21இல்தான் இறங்கினார். இரண்டாம் இடம் பிடித்து முழு ஆண்டையும் வாங்கிவிட்டார். அவருடைய தாமதத்தில் கைத்தசைக் காயத்துக்கும் பங்கு உண்டு. எல்லாத் தாமதத்தையும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது.

கே: என் மாணவன் பத்தாம் வகுப்பு. நல்ல கை பலம். பெரியவர்கள் அணியில் கேட்சராக இறக்கலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், குழித்துறை

ப: முதலில் டேப் பிடித்து மைதானத்தை அளந்துவிடுங்கள், சார். நான்கு பேஸும் ஒரு சதுரத்தின் மூலைகள். பேஸ் இடைவெளி 27.43 மீட்டர், ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸ் 38.8 மீட்டர். பல இடங்களில் பக்கத்தை அளப்பார்கள், மூலைவிட்டத்தை விட்டுவிடுவார்கள். அது தவறினால் நீங்கள் எடுக்கும் நேரம் ஒன்றுக்கும் உதவாது.

பிறகு ஸ்டாப்வாட்ச். செகண்ட் பேஸைத் திருட ஓடுபவரை அவுட்டாக்கும் எறிதலை அளக்கத்தான். பந்து அவன் கிளவுஸில் பட்டது முதல் செகண்ட் பேஸில் நிற்பவர் கிளவுஸில் சேரும் வரை எவ்வளவு? மேஜர் லீக்கில் 2.0 நொடி சராசரி, 1.9 அபாரம். உங்கள் மாணவன் பத்தில் ஏழு எறிதலையாவது 2.3க்குள், அதுவும் பேஸுக்கு மேலே முழங்கால் உயரத்தில் சேர்த்தால் போதும். ஒரே ஒரு நல்ல எறிதலைப் பார்த்து மயங்கவேண்டாம். கை பலமுள்ள பையன்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு: முழுசாக நிமிர்ந்து நின்றுகொண்டு எறிவார்கள். நேரம் அங்கேதான் போகிறது. கால் திரும்பும்போதே பந்து காதருகே கைமாறியிருக்க வேண்டும்.

அடுத்தது, மண்ணில் குத்தும் பந்து. டென்னிஸ் பந்தில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து இருபது போடுங்கள். கிளவுஸ் முதலில் கால்களுக்கு நடுவே தரையைத் தொட வேண்டும், முட்டி அதன் பின்னால். தோளை முன்னால் வளைத்து, மோவாயை நெஞ்சோடு ஒட்டினால் பந்து நெஞ்சுக் கவசத்தில் பட்டு முன்னாலேயே செத்து விழும். முகத்தைத் திருப்பினால் கழுத்துக் காப்பு விலகும், அடி தொண்டையில். திருப்புகிறான் என்றால் இந்த ஆண்டு வேண்டாம். வயசுப் பையன்களோடே ஆடட்டும். குலை தள்ளிய மறுநாள் யாரும் அரிவாளை எடுப்பதில்லையே.

பெரியவர்களின் கவசத்தை இரவல் கொடுக்காதீர்கள். நீளமான கால் கவசம் குந்தும்போது முட்டியை விட்டு நழுவும். கேட்சராக நிற்கும் நாளில் பிட்சராகவும் இறக்கி, ஒரே தோளை இரண்டு வேலைக்கு வாட்டவும் வேண்டாம். அமெரிக்கச் சிறுவர் லீக்கில் 41 பந்து வீசியவன் அன்று கேட்சராக நிற்கவே கூடாது என்று விதியே இருக்கிறது.

கே: கிரிக்கெட் கீப்பரைக் கேட்சராக்கலாமா?
– தக்கலை வாசகர்

ப: கண்ணும் கையும் தயார். ஆனால் இரண்டு கையையும் சேர்த்துப் பின்வாங்கிப் பிடிக்கும் பழக்கத்தை முதல் நாளே விடவைக்க வேண்டும். கேட்சருக்குக் கிளவுஸ் ஒரு கையில்தான். வெறுங்கையைக் கட்டைவிரலை உள்ளே மடக்கி முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். பேட்டை உரசித் திரும்பும் பந்து விரலை ஒடித்துவிடும்.