சுவிட்ச் போட்டும் முன்சக்கரம் இழுக்கவில்லையா? ஏ.டி.வி. மின்கோளாறுகள்: கேள்வி-பதில்

ஏ.டி.வி. (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றியே வருகின்றன: சுவிட்ச் போட்டும் முன்சக்கரம் இழுக்காதது. அதனால் முதலில் இரண்டு வரி விளக்கம். போலாரிஸ் போன்ற வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலுக்குள் (இரண்டு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு மின்காந்தக் காயில் (ஒயர் சுருள்) இருக்கிறது. ஹேண்டில்பாரில் உள்ள ஆல்-வீல் டிரைவ் (நான்கு சக்கர இழுவை) சுவிட்சைப் போட்டு அதில் மின்சாரம் ஓடினால், பக்கத்தில் இருக்கும் இரும்புத் தட்டை இழுத்துப் பிடிக்கும். பின்சக்கரம் வழுக்கும்போது உள்ளே இருக்கும் உருளைகள் இறுகி, முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான். மோட்டார் வைத்து முன்சக்கர இணைப்பை மாற்றும் வகைக்கு ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

கேள்வி: டிஸ்பிளேயில் ஆல்-வீல் டிரைவ் குறி எரிகிறது. ஆனால் சேற்றில் பின்சக்கரம் மட்டும் சுற்றுகிறது. குறி எரிந்தால் இணைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. காயில் வகை வண்டிகளில் அந்தக் குறி சொல்வது, நீங்கள் சுவிட்சைப் போட்டீர்கள் என்பதை மட்டும்தான். காயிலில் மின்சாரம் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

ஒயரைத் தொடுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பாருங்கள். போலாரிஸ் மாடல்கள் பலவற்றில் எஞ்சின் வேகம் சுமார் 3100 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இருந்தால்தான் காயிலுக்கு மின்சாரம் போகும். பின்சக்கரம் சேற்றில் வேகமாகச் சுற்றும்போது பதற்றத்தில் சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்காது. ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு, சக்கரம் நின்றதும் சுவிட்சைப் போட்டு, மெதுவாகக் கொடுங்கள். அப்போதும் இழுக்கவில்லை என்றால்தான் கோளாறு.

கேள்வி: காயிலை அளந்தால் 28 ஓம் காட்டுகிறது. 24 இருக்க வேண்டுமாம். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வண்டியை ஓட்டி வந்து சூட்டோடு அளந்தீர்களா? செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 24 ஓம் இருக்கும் காயில், 70 டிகிரியில் 28 ஓமைத் தாண்டிவிடும். பழுதே இல்லாத காயில்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. வண்டி நன்றாக ஆறிய பிறகு அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் 21.6 முதல் 26.4 ஓம் வரை சரிதான். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி.

அப்புறம், காயிலின் ஒரு ஒயருக்கும் டிஃபரன்ஷியல் உடலுக்கும் நடுவிலும் அளங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது ஓம் காட்டினால், காயிலோ அதன் ஒயரோ உள்ளே உடலில் பட்டு எர்த் ஆகிறது.

கேள்வி: காயில் 24 ஓம். கனெக்டரைக் கழற்றி அளந்தால் 12.4 வோல்ட் வருகிறது. ஆனாலும் இழுக்கவில்லை. புதுக் காயிலும் போட்டாயிற்று, அதே கதைதான்.

எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் பேர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனெக்டரைக் கழற்றி அளக்கும்போது ஒயரில் மின்னோட்டமே கிடையாது. மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான். ஒயருக்குள் இருபது இழைகளில் பத்தொன்பது அரித்துப்போய், ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட மீட்டர் 12.4 காட்டும். காயிலைச் செருகியதும் அரை ஆம்பியர் வேண்டும். பச்சைப் பொடி பூத்த கனெக்டர் முள் (பின்) வழியாகவோ, அரித்துப்போன இழை வழியாகவோ அந்த அரை ஆம்பியர் வராது. வோல்ட் அங்கேயே விழுந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன பல்பு போதும். 24 ஓம் காயில் 12 வோல்ட்டில் இழுப்பது 6 வாட். பார்க்கிங் விளக்கில் வரும் 5 வாட் பல்பு கிட்டத்தட்ட அதே சுமை. பல்பில் இரண்டு துண்டு ஒயரைச் சேர்த்து, காயிலுக்குப் பதிலாகக் கனெக்டரில் மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் அதுவரை வரும் வழி சுத்தம். மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ, மீட்டர் என்ன காட்டினாலும் வழியில் தடை இருக்கிறது. பல்பு எரியும்போதே கனெக்டரிலிருந்து பின்னோக்கி ஒயரை விரலால் ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் அசைத்துப் பாருங்கள். பல்பு சிமிட்டும் இடத்தில்தான் பழுது.

பல்பு இல்லை என்றால், கனெக்டரைச் செருகியபடியே அதன் பின்பக்கம் வழியாக மீட்டர் ஊசியை நுழைத்து, காயிலின் இரண்டு ஒயருக்கும் நடுவில் அளங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அப்படியே விடக் கூடாது. சில மாடல்களில் எஞ்சின் ஓடினால்தான் காயிலுக்கு மின்சாரம் வரும். அப்போது நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஐடிலில் விட்டு அளங்கள். பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக் கியரில் போட்டுச் சோதிக்க வேண்டாம். நீங்கள் தேடிய இணைப்பு திடீரெனக் கிடைத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

கேள்வி: சுவிட்சைப் போடாதபோதே காயிலின் இரண்டு ஒயரிலும் 12 வோல்ட் இருக்கிறது. இது எப்படி?

புதிய மாடல்களில் இது இயல்பு, பயப்பட வேண்டாம். சாவியைத் திருப்பியதும் ஒரு ஒயரில் 12 வோல்ட் வந்து நிற்கும். ஈ.சி.யூ. (வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) மற்ற ஒயரை எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகடிவோடு, இணைப்பதால்தான் காயில் வேலை செய்கிறது. இணைக்காதவரை, காயில் வழியாக வந்த அதே 12 வோல்ட் இரண்டாவது ஒயரிலும் தெரியும்.

இதை வைத்தே கோளாறைப் பிடித்துவிடலாம். கனெக்டர் செருகியிருக்கட்டும், மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகடிவில் இருக்கட்டும். சுவிட்சைப் போட்டதும் இரண்டாவது ஒயர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் மின்சுற்று சரி. இறங்காமல் 12லேயே நின்றால், எர்த் பக்கம் கிடைக்கவில்லை. ஹேண்டில்பார் சுவிட்ச், அதன் ஒயர், ஈ.சி.யூ.வுக்குப் போகும் ஒயர் என்று பாருங்கள். சுவிட்சுக்குள் தண்ணீர் போவது மிகச் சாதாரணம். இரண்டிலுமே பூஜ்யம் என்றால் ஃபியூஸ் பக்கம் போங்கள். ஒன்றில் 12, மற்றதில் எப்போதுமே பூஜ்யம் என்றால் காயில் அறுந்திருக்கலாம். இல்லையென்றால் அடுத்த கேள்வியில் வரும் கோளாறு.

ஒரு எச்சரிக்கை. இரண்டாவது ஒயரில் பேட்டரி பாசிட்டிவை நேரடியாகக் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. சுவிட்ச் ஆனில் இருந்தால் ஈ.சி.யூ.வின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். காயில் விலை எங்கே, ஈ.சி.யூ. விலை எங்கே!

கேள்வி: சுவிட்சை அணைத்தாலும் ஸ்டியரிங் கனமாகவே இருக்கிறது, விடவே மாட்டேன் என்கிறது.

காயில் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கனம் போய்விட்டால் மின்கோளாறு. மேலே சொன்ன அந்த இரண்டாவது ஒயர் எங்கேயோ தோலுரிந்து சட்டத்தில் படுகிறது. ஈ.சி.யூ. செய்ய வேண்டிய எர்த்தை அதுவே செய்துவிடுகிறது. ஃபியூஸ் போகாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கழற்றிய பிறகும் கனம் என்றால் கோளாறு டிஃபரன்ஷியலுக்குள்.

கேள்வி: ஹேண்டிலை இடது பக்கம் முழுதாகத் திருப்பினால் ஃபியூஸ் போகிறது. இப்போதைக்கு 30 ஆம்பியர் போட்டு ஓட்டுகிறேன்.

தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. காயிலுக்குத் தேவை அரை ஆம்பியர்தான். அந்த மெல்லிய ஒயரில் 30 ஆம்பியர் ஓடினால் உருகி, பக்கத்து ஒயர்களோடு ஒட்டி, தீப்பிடிக்கும். நீங்கள் உட்கார்ந்திருப்பது பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில்.

ஃபியூஸ் இருந்த இடத்தில், இண்டிகேட்டரில் வரும் 21 வாட் பல்பை இரண்டு ஒயரோடு செருகுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள்ளேயே நிற்கும், எதுவும் கருகாது. அதே ஃபியூஸில் வேறு கருவிகள் இருந்தால் அவற்றைக் கழற்றிவிடுங்கள். இனி ஹேண்டிலை இடதும் வலதும் மெதுவாகத் திருப்பி, பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்டியரிங் தண்டை ஒட்டியும், முன் சஸ்பென்ஷன் கைகளை ஒட்டியும் ஒயரை நகர்த்துங்கள். பல்பு அணையும் இடத்தில் தோலுரிந்த செம்பு தெரியும்.

கேள்வி: எங்கள் வண்டியில் முன்சக்கர இணைப்பைச் சின்ன மோட்டார்தான் மாற்றுகிறது. குறி மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த வகையில் குறி கொஞ்சம் நம்பகமானது. மினுக்கினால் மாற்றம் முடியவில்லை என்று அர்த்தம். கியர் பற்கள் நேராக வராவிட்டாலும் இப்படி ஆகும். சில அடி முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுங்கள். தொடர்ந்தால், சுவிட்ச் போடும்போது மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். சத்தம் வந்தும் குறி நிலைக்கவில்லை என்றால் மாற்றம் முடிந்ததா என்று நிலையறியும் சுவிட்சைப் பாருங்கள். சத்தமே இல்லை என்றால் கனெக்டரும் மோட்டாரும்.

கேள்வி: கனெக்டரில் ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் ஓடுகிறது, மறுபடி நின்றுவிடுகிறது.

அரிப்பு கனெக்டரோடு நிற்கவில்லை, ஒயருக்குள் ஏறிவிட்டது. தோலைச் சீவிப் பாருங்கள், செம்பு கறுத்திருக்கும். செம்பு மின்னும்வரை வெட்டி, புது ஒயர் சேர்த்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். இன்சுலேஷன் டேப் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், வேண்டாம். பின்களைச் சுத்தம் செய்து மாட்டும்போது ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவுங்கள்.

கேள்வி: எல்லா அளவும் சரி, பல்பும் பளிச்சென்று எரிகிறது. இன்னும் இழுக்கவில்லை.

அப்படியானால் மீட்டரை வைத்துவிட்டு டிஃபரன்ஷியலைத் திறங்கள். முதலில் எண்ணெய்: தவறான, கெட்டியான எண்ணெய் ஊற்றியிருந்தால் தட்டு சரியாக ஒட்டாது. அப்புறம் தட்டையே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காயில் உரசிய தடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முழு வளையங்களாகத் தெரிய வேண்டும். ஒரே வளையம்தான் என்றால் காயில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். வளையம் நடுவில் அறுந்திருந்தால் தட்டு வளைந்திருக்கலாம்.